எங்கள் கெப் வண்டியின் ஒயில் கேன்

சித்தப்பாவுக்கு வண்டிகளைப் பற்றித் தெரியாதது எதுவுமில்லை என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் நம்பினார்கள். சித்தப்பாவும் நம்பினார். அப்பா மட்டும் பாதி நம்பினார். அந்தப் பாதி நம்பிக்கையில்தான் எங்கள் கெப் வண்டிக்கு ஓர் ஒயில் கேன் வந்து சேர்ந்தது. எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது.

நாங்கள் பூனாகலையில் இருந்தோம். அம்மா மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்தார். அப்பா தோட்ட வேலையை விட்டுவிட்டு, பலர் கை மாறி வந்த ஒரு டீசல் கெப்பை வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார். முன்னால் ஆட்கள் ஏறலாம். பின்னால் திறந்த தட்டில் மூட்டைகளை ஏற்றலாம். விடிந்ததும் லீக்ஸும் போஞ்சியும் ஏற்றிக்கொண்டு பண்டாரவளைச் சந்தைக்குப் போகும். யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் அதே தட்டில் சாக்கு விரித்து ஆஸ்பத்திரிக்குப் போகும். ஏற்றத்தில் ஏறும்போது மட்டும் பின்னால் நீலமாகப் புகை கக்கும். பின்னால் வருகிற ஆட்டோக்காரர்கள் அப்பாவை என்னென்னவோ சொல்வார்கள். அப்பா கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்.

சித்தப்பா பதுளையில் ஒரு கராஜில் வேலை செய்தார். லீவில் வந்திருந்தபோது பொனட்டைத் தூக்கிவைத்துக்கொண்டு அப்பாவுக்கு விளக்கம் சொன்னார்.

“எஞ்சினும் மூச்சு விடுது அண்ணே. அந்த மூச்சுல ஒயிலும் ஆவியா சேர்ந்து வருது. இந்தா, இந்த ஹோஸ் அதை அப்படியே திரும்ப எஞ்சினுக்குள்ள அனுப்புது. அதை எரிச்சுத்தான் புகையா விடுது. நடுவுல ஒரு கேனை வச்சிட்டம்னா மூச்சு மட்டும் போகும், ஒயில் கேனுக்குள்ள தங்கிரும்.”

“மூச்சை அடைச்சிராத” என்றார் அப்பா. அதுதான் அவருடைய சம்மதம்.

அடுத்த முறை வந்தபோது சித்தப்பா கேனைக் கொண்டுவந்தார். பால்மா டின் அளவு, பளபளவென்ற அலுமினியம். மேலே இரண்டு வாய், அடியில் ஒரு சின்னக் குழாய், உள்ளே எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பார்க்கப் பக்கத்தில் கண்ணாடி மாதிரி ஒரு பைப்பு. தகரத்தை வளைத்து ஒரு தாங்கி செய்து, சூடு படாத இடமாகப் பார்த்து, பற்றரிக்குப் பக்கத்தில் ஆணி முறுக்கிப் பொருத்தினார். ஹோஸை நடுவில் வெட்டுவதற்கு அம்மாவின் மரக்கறிக் கத்தி போயிற்று. ஒயில் ஆவி பட்டு உள்ளேயே சொட்டி நிற்க ஏதாவது வேண்டும் என்று சொல்லி, அம்மா பாத்திரம் தேய்க்க வாங்கிவைத்திருந்த புதுக் கம்பிச் சுருளும் கேனுக்குள் போயிற்று. அந்த வாரம் முழுவதும் அம்மா தேங்காய் நாரும் சாம்பலும் வைத்துச் சட்டி விளக்கினார். விளக்குகிற சத்தத்திலேயே அவருடைய அபிப்பிராயம் தெரிந்தது.

முதல் நாள் ஏற்றத்தில் ஒரு கிளிப் கழன்று, பொனட் முழுவதும் ஒயில் தெறித்தது. சித்தப்பா அதைச் சோதனை ஓட்டம் என்றார். கிளிப்பை மாற்றி இறுக்கிய பிறகு வண்டி உண்மையாகவே புகையைக் குறைத்துக்கொண்டது. லயத்து ஆட்கள் வந்து பொனட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கேனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் எனக்கும் பங்கு கிடைத்தது. எஞ்சின் ஆறியிருக்கும்போது அப்பா அடிக்குழாயைத் திறப்பார். நான் வெற்றுச் சோடாப் போத்தலைப் பிடிப்பேன். பனி மூடுகிற மாதங்களில் பால் கலந்த கோப்பி நிறத்தில் தண்ணீரும் ஒயிலும் கலந்து வரும். வெயில் காலத்தில் கறுப்பாக, கெட்டியாக வரும். அதை மறுபடியும் எஞ்சினுக்குள் ஊற்றக்கூடாது என்று சித்தப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்பா அதை வேலிக் கம்புகளில் கறையான் ஏறாமல் பூசுவார். இடைக்கிடை கேனைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து, ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் அமுக்கிப் பார்த்து மாட்டுவோம். பள்ளிக்கூடத்தில் வேறு எந்தப் பெண்ணுக்கும் இப்படியொரு வேலை இருக்கவில்லை. அதனால் தேவைப்படுகிறதோ இல்லையோ எல்லோரிடமும் அதைச் சொல்லிவைத்தேன்.

முதலில் கேன் நிறைய ஒரு மாதம் ஆனது. பிறகு வாரத்துக்கு ஒரு தடவை எடுக்கவேண்டி வந்தது. அடுத்த மழைக்காலம் தொடங்கியபோது, பண்டாரவளைக்குப் போய்வந்தாலே அரைவாசி நிறைந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்துக் காம்பரா வீட்டாரின் பசு கன்று போட்ட பிறகு கூடுதலாகக் கறந்தது. எங்கள் கேனும் அப்படித் தேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். போத்தலைத் தூக்கிக் காட்டுவேன். அப்பா வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வைப்பார்.

ஒரு நாள் சித்தப்பா வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு எஞ்சினில் ஒயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தார். கொதிக்கிற கேத்தலின் வாயிலிருந்து வருவதுபோலப் புகை குபுகுபுவென்று வந்தது. அப்பாவும் சித்தப்பாவும் நெடுநேரம் தாழ்ந்த குரலில் பேசினார்கள். “ரிங் தேஞ்சிருச்சு” என்று சித்தப்பா சொன்னது மட்டும் காதில் விழுந்தது. வண்டிக்கு எதற்கு மோதிரம் என்று யோசித்தேன்.

அதற்குப் பிறகுதான் வண்டியை விற்கிற பேச்சு வந்தது. எல்லோரையும்விட அம்மாதான் அதை விரும்பினார். எங்கள் லயம் ஒரு சரிவின் அடியில் இருந்தது. அடைமழை என்றால் மண் சரியும் என்று எச்சரிக்கை வரும்; துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு அம்மா பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு ஓடுவார். பண்டாரவளை ரோட்டில் சமதரையாக ஒரு துண்டுக் காணி விலைக்கு வந்திருந்தது. அம்மா அதை ஒரே ஒரு முறைதான் பார்த்தார். அதற்குள் அடுப்பு எந்தப் பக்கம், ஜன்னல் எந்தப் பக்கம் என்றெல்லாம் முடிவு செய்துவிட்டிருந்தார். வண்டியை விற்றால்தான் காணி.

எஞ்சினைப் பற்றி அப்பா தயங்கியபோது சித்தப்பா சொன்னார்: “நாம பொய் சொல்லப் போறதில்லையே அண்ணே. கேக்குறதுக்குப் பதில் சொல்லுவோம். கேக்காததை நாமளா ஏன் சொல்லணும்?”

அப்பா வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

லுணுகலைப் பக்கமிருந்து ஓர் ஆளும் அவர் மனைவியும் வண்டி பார்க்க வந்தார்கள். அவர் வெளிநாட்டில் வேலை செய்துவிட்டு வந்தவர். சித்தப்பா அன்று காலையிலேயே கேனைக் கழற்றிக் கழுவித் துடைத்து மாட்டியிருந்தார். “பெரியவங்க பேசுற இடத்துல நீ வாயைத் திறக்கக்கூடாது” என்று எனக்கு உத்தரவும் போட்டிருந்தார். வந்தவர் டயரை உதைத்துப் பார்த்தார், கதவைத் திறந்து மூடிப் பார்த்தார், ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டியும் பார்த்தார். புகை இல்லை. சித்தப்பா பொனட்டைத் திறந்து கேனைக் காட்ட, அவர் கண்கள் விரிந்தன.

அவர் மனைவி, அந்த அக்கா, எங்களோடு குசினியில் இருந்தார். அம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.

“இனிமே வெளிநாட்டுக்குப் போகமாட்டேன்னுட்டாரு அக்கா. எங்க சின்னவன் அவரைப் பார்த்து மாமாங்குறான். அப்பான்னு சொல்லுடான்னா ஓடிப்போய் ஒளியுறான். இந்த வண்டி கையில இருந்தா இங்கனயே பொழைச்சுக்குவோம்.”

அம்மாவின் கை நின்றது. தேத்தண்ணி ஒரு கிளாஸில் அரைவாசியில் நின்றது. பிறகு மிச்சத்தையும் ஊற்றி, தட்டை என் கையில் கொடுத்து, வாசல்வரை என்னோடு வந்தார்.

“இதைக் குடுத்துட்டு, அந்த மாமாகிட்ட நீ ஒயில் எடுக்குறதைப் பத்திச் சொல்லு. எத்தனை நாளைக்கு ஒருக்கா எடுக்குறம்னு சொல்லு.”

“சித்தப்பா பேசக்கூடாதுன்னாரே?”

“நான்தானே சொல்றேன். போ.”

இதற்காகவே காத்திருந்தவள்போல நான் போனேன். கிளாஸை அவர் எடுத்ததும் ஆரம்பித்தேன். “மாமா, எங்க கேன் இப்ப ரொம்ப நல்லா பிடிக்குது! முன்ன எல்லாம் ரொம்புறதுக்கு ஒரு மாசம் ஆகும். இப்ப பண்டாரவளைக்குப் போயிட்டு வந்தாலே அரைவாசி வந்திரும். நான்தான் போத்தல் பிடிப்பேன்.”

“அப்படியா! கெட்டிக்காரக் கேன்தான்” என்று அவர் என் தலையைத் தட்டினார். அவருக்கும் என்னைப்போலவே விளங்கவில்லை.

சித்தப்பாவின் முகத்தில் இறுக்கம் தளர்ந்தது. பிள்ளை சொன்னது யாருக்கும் கெடுதல் செய்யாமல் காற்றில் போய்விட்டது. அப்பா மட்டும் குடிக்காத கிளாஸைக் கீழே வைத்தார். ஒரு முறை குசினிப் பக்கம் பார்த்தார். பிறகு வண்டியில் ஏறி ஸ்டார்ட் பண்ணிவிட்டு வந்து, ஒயில் மூடியைத் திறந்தார். புகை அவர் முகத்தில் அடித்தது.

“தம்பி, இங்க வாங்க. பிள்ளை சொன்னது உங்களுக்கு விளங்கல. கேன் கெட்டிக்காரத்தனமா பிடிக்கல. எஞ்சின்தான் கூடுதலாக் கக்குது. உள்ள பிஸ்டன் ரிங் தேஞ்சுபோச்சு. எஞ்சினைப் பிரிக்காம இந்த வண்டி ரொம்ப நாளைக்கு ஓடாது.”

வந்தவர் அந்தப் புகையையே பார்த்துக்கொண்டு நின்றார். சித்தப்பா பைப்படிக்குப் போய், சுத்தமாக இருந்த கைகளைக் கழுவத் தொடங்கினார்.

“நீங்களாச் சொன்னீங்களே, அதுவே பெரிசு அண்ணே” என்றார் வந்தவர் கடைசியில். தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். போகும்போது அந்த அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு புருஷனும் மனைவியுமாகப் பஸ் வருகிற ரோட்டைப் பார்த்து இறங்கினார்கள்.

சித்தப்பா சோறுகூடத் தின்னாமல் பதுளைக்குப் போய்விட்டார். வெகுநாள் கழித்து, புது ரிங்குகளோடு வந்து எஞ்சினைப் பிரித்து வேலை செய்தார். அதன் பிறகு கேன் நிறைய மறுபடியும் ஒரு மாதம் ஆனது. கேன் பழுதாகிவிட்டது என்று நான் வருத்தப்பட்டேன். காணியை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். இன்னும் சில மழைக்காலங்கள் நாங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம்.

ஆனால் எனக்கு நினைவில் அதிகம் நிற்பது வண்டி பார்க்க வந்தவர்கள் போன அந்த மாலைதான். அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். அப்பா வந்து அடுப்புக்கு முன்னால் பலகையைப் போட்டு உட்கார்ந்தார்.

“பிள்ளையைப் பேசச் சொன்னது யாரு?” என்று கேட்டார்.

“எனக்கென்ன தெரியும்? அதுவாத்தான் சொல்லிருக்கும்” என்றார் அம்மா, ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி.

நான் பதறிப்போய் வாயைத் திறந்தேன். அம்மா சுடச்சுட ஒரு துண்டு ரொட்டியை அதற்குள் திணித்தார். அப்பா அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். முதலில் மெதுவாக, பிறகு தோள் குலுங்க. அம்மாவும் சிரித்தார்.

“மழை வந்தா என்ன செய்யப் போற?”

“வந்தா மூட்டையைத் தூக்க வேண்டியதுதான். புதுசா என்ன?”

எனக்கு ஆத்திரமாக வந்தது. வண்டி விலை போகவில்லை, காணி கிடைக்கப்போவதில்லை, சித்தப்பா கோபித்துக்கொண்டு போய்விட்டார். போதாததற்கு அம்மா என் கண் முன்னாலேயே பொய் சொல்கிறார். அன்றைக்கு ஏதோ பெரிய நல்லது நடந்துவிட்டதுபோல அவர்கள் இரண்டு பேரும் ஏன் அப்படிச் சிரித்தார்கள் என்று, சூடான ரொட்டியை மென்று முடிக்கும்வரை யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.