பதிவுக்கூடத்தில் சகாயம் சிரித்தது

சகாயம் எங்கள் வரிசையில் நான்காவது வீட்டுக்காரர். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. கே.ஜி.எஃப். தங்கச் சுரங்கம் மூடப்பட்டபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. அன்று முதல் காலை ரயிலில் பெங்களூரு போய், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் எலக்ட்ரீஷியன் வேலை பார்த்துவிட்டு மாலை ரயிலில் திரும்புகிறார்.

கன்னடம் நன்றாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. படிக்கக் கற்றுக்கொடுத்தது ஒரு தொலைக்காட்சி வினாடி வினா. திரையில் கேள்வி எழுத்தாக வரும். நடத்துபவர் அதை நிறுத்தி நிதானமாக வாசிப்பார். கண்ணால் எழுத்தையும் காதால் குரலையும் பிடித்து, பதினோர் ஆண்டுகளில் சகாயம் கன்னட நாளிதழ் வாசிக்கும் நிலைக்கு வந்தார். அதனால் அந்த மனிதரைக் கன்னடக்காரர் பள்ளி ஆசிரியரை அழைப்பதுபோல் ‘மேஷ்ட்ரு’ என்றே சொல்வார்.

ரயிலில் எங்களுடன் வரும் செவிலி லவினா கேலி செய்வார்: “இன்னா சகாயம், உங்க மேஷ்ட்ரு நேத்து தும்முனாராமே?”

“தும்முனாலும் கரெக்டாதான் தும்முவாரு.”

அந்த மேஷ்ட்ருவின் பெயரை இங்கே எழுதவில்லை. புகாரில் எழுதியிருக்கிறேன்.

2024 பிப்ரவரியில் சகாயத்துக்கு அந்த நிகழ்ச்சியில் கலந்துகொள்ள அழைப்பு வந்தது. துணைக்கு ஒருவர் வரலாம். மனைவி மரியாவுக்குக் காய்ச்சல் என்பதால் பதிவுக்கூடத்துக்கு நான் போனேன். துணைக்கு வந்தவர்களைத் தனி அறையில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின் முன் உட்காரவைத்தார்கள். சகாயம் முதல் நான்கு கேள்விகளுக்கும் சரியாகப் பதில் சொன்னார். இடைவேளை விட்டார்கள். படம் நின்றது, ஒலி நிற்கவில்லை.

சகாயத்துக்குப் பவுடர் பூச வந்த ஒப்பனைக்காரரிடம் மேஷ்ட்ரு கன்னடத்தில் சொன்னது இது: “கே.ஜி.எஃப். ஆளா? அதான். இந்தத் தமிழ்க் கூலி இனமே இப்படித்தான், குழிக்குள்ள பொறந்த கறுப்பு. ஒட்டின கரி எங்கே போகும்? இன்னும் ரெண்டு தடவை பவுடர் அடி. இல்லேன்னா பல்லு மட்டும்தான் தெரியும்.”

எல்லாம் தெரிந்த அந்த மனிதருக்குத் தங்கச் சுரங்கத்தில் கரி கிடையாது என்பது தெரியவில்லை.

அடுத்து ஒரு சிரிப்பு கேட்டது. சகாயத்தின் சிரிப்பு. கேட்ட சொற்களை அழைப்புக் கடிதத்தின் பின்புறத்தில் அப்போதே எழுதினேன், மணி 11.40. படம் திரும்ப வந்தபோது ஐந்தாவது கேள்வி கேட்கப்பட்டது. ரயிலில் சகாயமே பலமுறை எங்களிடம் கேட்ட கேள்விதான் அது. “கொத்தில்ல” என்றார். தெரியாது என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

திரும்பும் ரயிலில், பங்காருபேட்டை தாண்டியதும் சகாயம் கேட்டார்:

“அண்ணா, உங்க ரூம்ல கேட்டுச்சா?”

“கேட்டுச்சிப்பா.”

“நான் சிரிச்சது?”

“அதுவும்.”

“இன்னாத்துக்குச் சிரிச்சேன்னே தெரில. பதினோரு வருஷமா அவரு எது சொன்னாலும் சிரிச்சிகினு கீறேன். வாய் தானா சிரிச்சிடுச்சி.”

என் வீட்டுப் பட்டாவுக்காக இருபது ஆண்டுகளாக மனு எழுதி வருபவன் நான். காகிதத்தில் இல்லாத உண்மையை எவரும் ஏற்பதில்லை. ஆகவே சகாயத்தின் சம்மதத்தோடு தொலைக்காட்சி நிறுவனத்துக்குப் புகார் எழுதி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அவர் சிரித்ததை மட்டும் அதில் எழுதவில்லை. அவர் மானத்தைக் காப்பதாக நினைத்தேன்.

ஐந்து வாரம் கழித்துக் கன்னடத்தில் வந்த பதிலைத் தட்டுத் தடுமாறி வாசித்தேன். நட்போடு சொன்ன வேடிக்கை என்றும், போட்டியாளரே அதை ரசித்துச் சிரித்தார் என்றும், உடன் வந்தவர் அதை மறைத்துவிட்டார் என்றும் எழுதியிருந்தார்கள். மறைத்தவன் நான்தான்.

“உடுங்கண்ணா,” என்றார் மரியா. “இதுக்கு மேல எழுதுனா, சிரிச்சவனுக்கு இன்னா ரோஷம்னு ஊரே கேக்கும்.”

சகாயம் கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார்.

“வேடிக்கைக்குச் சொன்னேன்னு எழுதிகிறான். சொல்லவே இல்லேன்னு எழுதல. பாத்தீங்களாண்ணா?”

நான் பார்க்கவில்லை. எனக்கு அந்த எழுத்து அவ்வளவு ஓடாது.

“இந்தத் தடவை நான் எழுதறேன். சிரிச்சதையும் சேத்து.”

மரியா பாத்திரங்களை ஒதுக்கி இடம் கொடுத்தார். சகாயம் கன்னடத்தில், தம் கையால், எழுத்தெழுத்தாக எழுதினார். முதல் வரியை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார்: “உங்கள் நிகழ்ச்சியை நடத்துபவர் என் நிறத்தையும் என் இனத்தையும் இழித்துப் பேசியபோது நான் சிரித்தேன், அந்தச் சிரிப்புக்காக வெட்கப்படுகிறேன்.”

பிறகு தாளின் அடியில் தம் கையெழுத்துக்கு இடம் விட்டுத் தொடர்ந்து எழுதினார்.