நீல மீனுக்குக் கூட்டம்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் அலங்கார மீன் கடை வைத்திருப்பவர் அவர். ஒல்லியான ஆள். சட்டைக் கை எப்போதும் முழங்கைவரை நனைந்திருக்கும். நம் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார். தொட்டித் தண்ணீரில் விரலை விட்டு எடுத்து, முகர்ந்துகொண்டே பேசுவார். அதனாலேயே அவரை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

அவரிடம் ஆப்பிரிக்க சிக்லிட் மீன்கள் கொஞ்சம் வாங்கினேன். "நம்ம ஊரு போர் தண்ணியே போதுங்க. இதுக்கு உப்புத் தண்ணிதான் ஒத்துக்கும்" என்றார். தொட்டிக்குள் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லை அடுக்கச் சொன்னதும் அவர்தான். ஒரே வாரத்தில் நீல மீன் ஒன்று மற்றவற்றின் வாலையெல்லாம் கிழித்துவிட்டது. கோபத்தோடு போய்ச் சொன்னேன்.

"இன்னும் பத்து மீனு விடுங்க. அழுக்கு ஜாஸ்தியாவும், பில்டரும் இன்னொண்ணு மாட்டிருங்க."

"அடிச்சுக்குதுன்னு வந்தா, இன்னும் வாங்கச் சொல்றீங்களே?"

"கம்மியா இருந்தா ஒண்ணையே புடிச்சுத் தொரத்தும் சார். கூட்டமா இருந்தா யாரை அடிக்கிறதுன்னே அதுக்குப் புரியாது."

நன்றாகத்தான் வியாபாரம் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டே வாங்கிவந்தேன். சண்டை நின்றுவிட்டது.

அதைச் சொல்லத்தான் மறுபடி போனேன். கல்லாவுக்குப் பின்னால் இருந்த பெரிய தொட்டி அன்றுதான் கண்ணில் பட்டது. இரண்டு பில்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே ஒரே ஒரு நீல மீன்.

"இதுக்குக் கூட்டம் விடலையா?"

முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"விட்டுத்தான் இருந்தேங்க" என்றார்.

என் தொட்டி இன்றுவரை அமைதியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் காலையில் பல் துலக்கும் முன்பே மீன்களை எண்ணிவிடுகிறேன்.