முதலில் கிட்டார் வர வேண்டும்

என் நாத்தனார் லெசியேலி முப்பது வருடம் விமான நிலையச் சமையல்கூடத்தில் சாப்பாட்டுத் தட்டு அடுக்கியவள். ஞாயிற்றுக்கிழமை மாங்கேரே தேவாலயத்தில் அவள் பாடினால் போதகரே பிரசங்கத்தைச் சுருக்கிக்கொள்வார். அவளுடைய ஒரே தம்பி ஃபோலாவ், என் கணவர். கிட்டாரில் அவர் விரலுக்கு ஈடு கிடையாது. ஆனால் இருவரும் சேர்ந்து ஒரு காதல் பாட்டுக்கூடப் பாடியதில்லை. எங்கள் டோங்காத் தீவுக் குடும்பங்களில் அக்காவும் தம்பியும் காதல் சமாச்சாரத்தைச் சேர்ந்து கேட்பதே கூடாது; அது அக்காவுக்குத் தரும் மரியாதை. தொலைக்காட்சியில் முத்தக் காட்சி வந்து, அக்காவும் அறையில் இருந்துவிட்டால், ஃபோலாவ் விழுந்தடித்துத் தோட்டத்துக்கு ஓடுவார். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

எங்கள் தீவின் பழங்காதல் கதை ஒன்றை, காதலனைப் பேருந்து ஓட்டுநராக்கி, இந்தக் காலத்துப் படமாக எடுத்தார்கள். இசையமைப்பாளர் மோசெசே சிட்னியில் வளர்ந்தவர். காலையில் ஃபோலாவின் கிட்டாரைப் பதிவு செய்துவிட்டு, அதே காதல் பாட்டைப் பாட மதியம் லெசியேலியைக் கூப்பிட்டார். யாருக்கு யார் என்ன உறவு என்று கேட்கத் தோன்றவில்லை அவருக்கு. நான் துணைக்குப் போயிருந்தேன். கிட்டார் இரண்டு சுற்று வந்ததும் அவள் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துவிட்டாள்.

"இது என் தம்பி கை."

"அதனால என்னம்மா? நல்லாத்தானே இருக்கு?" என்றார் மோசெசே.

"நல்லா இருக்கறதுதான்யா கஷ்டம்."

நான்தான் குறுக்கே புகுந்தேன். "அண்ணி, அவரு இந்நேரம் வீட்ல குறட்டை விட்டுக்கிட்டு இருப்பாரு. கண்ண மூடிக்கிட்டுப் பாடுங்க."

பாடினாள். எனக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று.

படம் வந்ததும் அவள் சனிக்கிழமை போனாள். நானும் ஃபோலாவும் அதற்கு முன்தினமே போனோம். அந்தப் பாட்டு வந்தது. ஃபோலாவ் தன் கிட்டாரை இரண்டு சுற்று கேட்டார். அக்காவின் குரல் எழுந்ததும் இவர் எழுந்துவிட்டார். குரல் இருந்தால் ஆளும் இருக்கிற மாதிரிதானே அவருக்கு. படம் முடிந்து வெளியே வந்தால், சோளப்பொரிக் கடையோரம் நிற்கிறார்.

"எப்படிப் பாடினா?"

"காது இருக்குல்ல? உள்ள வந்து கேக்கறது!"

எனக்குக் கோபம். இவ்வளவு அழகான பாட்டை விட்டுவிட்டு ஓடினால்? வீட்டில் மறுபடி கேட்டார். அடுத்த வாரம் மூன்றாவது தடவை. நான் அதே பதிலைச் சொன்னேன். பிடிவாதத்தை உடைத்துவிடலாம் என்று நினைப்பு.

அந்தப் பக்கம் லெசியேலியும் கேட்டாள். "என் பாட்ட கேட்டானா, ஹீனா?"

"உங்க தம்பிதானே, நீங்களே கேளுங்க அண்ணி."

கேட்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். இருவருக்கும் நடுவில் இருந்த ஒரே கதவு நான். அதைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

ஆகஸ்டில், வேலைக்குக் கிளம்பி ஷூ மாட்டும்போது ஃபோலாவின் இதயம் நின்றுபோனது.

எங்கள் வழக்கப்படி தம்பியின் தலைமாட்டில் அக்கா உட்கார்ந்தாள். அங்கே அவளுக்குத்தான் முதல் மரியாதை. நான் துக்கத்துக்கு அடையாளமாகக் கிழிந்த பெரிய பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு கால்மாட்டில் இருந்தேன். கீர்த்தனைகளுக்கு நடுவே ஒரு இடைவெளி வந்தது. அவள் என்னைப் பார்த்தாள்.

"இப்பவாவது சொல்லுடி. கேட்டானா?"

"இல்ல அண்ணி. உங்க குரல் வந்ததும் வெளிய போயிட்டாரு. எப்படிப் பாடினான்னு மூணு தடவ என்கிட்ட கேட்டாரு. நான் சொல்லவே இல்ல."

"அவன் வெளிய போனது சரி," என்றாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

பிறகு அவர் காதருகே குனிந்தாள். உடனே பாடவில்லை. விரலால் பாயைத் தட்டினாள். ஒரு சுற்று. இரண்டாவது சுற்று. கிட்டாருக்கு இடம் விடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. அதன்பின் அந்தப் பாட்டின் காதல் சொற்களை விட்டுவிட்டு, மெட்டை மட்டும் முனகினாள்.

நான் அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, "நல்லாப் பாடறாங்க, ரொம்ப நல்லாப் பாடறாங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.