குப்பை ஃபோல்டரில் ஓடிய ரயில்

ஸ்ரீரங்கம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் குடியிருந்துகொண்டு, பழைய ரயில் பாட்டு சேகரிக்கிறவன் ஊரில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். இன்னொருவன் இருந்தால் அவன் மனைவியையும் கடவுள் காப்பாற்றட்டும். பதிப்புரிமைக் காலம் முடிந்துபோன, அதாவது இனி எல்லாருக்கும் சொந்தமான, கிராமபோன் பிளேட்டுகள்தான் என் பைத்தியம். அதிலும் ரயிலைப் பற்றிப் பாடியதாக இருக்க வேண்டும். மூன்றாம் வகுப்புக் கூட்டம், மூட்டைப்பூச்சி, டிக்கெட் பரிசோதகர், தண்ணீர் பிடிக்க இறங்கி வண்டியைத் தவறவிட்ட கணவன் என்று அந்தக் காலத்தில் பாடித் தள்ளியிருக்கிறார்கள். அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கரகரப்பைத் துடைத்து, யார் வேண்டுமானாலும் கேட்கட்டும் என்று இணையத்தில் போடுகிறேன். கேட்டவர்களில் பாதிப் பேர் நானே.

கம்ப்யூட்டரோடு இணைக்கிற என் பிளேயரில் முள் உடைந்து இரண்டு வருஷமாகிறது. அதனால் சாவி கொடுக்கும் கிராமபோனில் பிளேட்டை ஓடவிட்டு, அதன் குழாய்க்கு நேரே மைக்கை வைத்துப் பதிவு செய்வேன். ஜன்னலை மூடி, மின்விசிறியை நிறுத்தி, மனைவியைத் தும்மக் கூடாது என்று கேட்டுக்கொண்டு நான் உட்கார்ந்ததும், ஸ்டேஷனில் ஏதாவது ஒரு வண்டி ஊதும். ரயில் பாட்டுக்குள் நிஜ ரயில் புகுந்துவிடும். பிறகு நாள் கணக்கில் உட்கார்ந்து அந்த விசிலை உருவி எடுப்பேன். "ரயில் பாட்டுலேருந்து ரயில எடுக்கறதுக்கு ஒரு மனுஷன் லீவு போடுவானா?" என்று மனைவி கேட்டிருக்கிறாள். அன்றைக்கு லீவில்தான் இருந்தேன்.

உருவிய சத்தத்தையும் நான் தூக்கிப் போடுவதில்லை. பால் பாக்கெட் கவரைக் கழுவி அடுக்கும் வீட்டில் பிறந்தவன். பாட்டிலிருந்து நீக்கியதையெல்லாம் தனி ஃபைலாக்கி, 'குப்பை' என்ற ஃபோல்டரில் வைத்திருப்பேன்.

போன வருஷம் சின்னக்கடை வீதியில் சூட்கேஸ் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் துணியில் சுற்றிய ஒரு பிளேட்டை என்னிடம் கொடுத்தார். அவருக்கு எழுபது வயதுக்கு மேல். அவர் தொட்டிலில் இருக்கும்போதே அத்தா, அதாவது அப்பா, காலமாகிவிட்டாராம். போட்டோ கிடையாது. "இந்தப் பிளேட்டுல எங்க அத்தா இருக்காருங்க. வேற எங்கயும் இல்ல" என்றார். அவருடைய அம்மா இருந்தவரை யார் வீட்டிலாவது போட்டுக் கேட்பார்களாம். இப்போது கீறல் விழுந்து ஒன்றும் புரிவதில்லை. வீட்டில் வேறு, அவர் மனைவியின் தம்பி நாற்பது வருஷமாகக் கிண்டல் செய்கிறாராம். விசேஷத்துக்கு விசேஷம், "மச்சான், உங்க அத்தா வண்டி இன்னும் வரலையா?" என்று.

எந்த வண்டி என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்பது என் குணமில்லை. பாடியவரின் பெயர் பிளேட்டிலேயே இருந்தது, அவர் பாயின் அத்தா இல்லை. அப்படியானால் அத்தாதான் ஆர்மோனியம் என்று நானே முடிவு கட்டினேன்.

பிளேட்டை ஓடவிட்டேன். திருச்சியிலிருந்து மெட்ராஸுக்குப் போகும் பாட்டு. வழக்கம்போல நடுவில் ஒரு விசில். ஸ்டேஷனைத் திட்டிக்கொண்டே அதை உருவினேன். அடியில் 'சக் சக்' என்று சீராக ஒரு சத்தம் வேறு. பிளேட்டில் விரிசல் இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருதரம் இப்படித்தான் தட்டும். இந்த விரிசல் போகப் போக வேகம் எடுத்தது. விரிசல் வேகம் எடுக்காது என்று எந்த மடையனுக்கும் உறைத்திருக்கும். நான் மடையனுக்கும் ஒரு படி மேல். ஒவ்வொரு 'சக்'காகப் பொறுக்கி, பதினோரு நாளில் மொத்தத்தையும் துடைத்தேன். கடைசியில் புஸ்ஸென்று ஒரு காற்றுச் சத்தம் மிச்சமிருந்தது. அதையும் விடவில்லை. ஆர்மோனியத்தை மட்டும் தூக்கலாக வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாய் வீட்டில் விருந்து. சொந்தக்காரர்கள் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள், கிண்டல் செய்யும் அந்த மச்சான் முன் வரிசையில். நானும் மனைவியும் லேப்டாப்போடு போனோம். ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டேன். பாட்டு பளிச்சென்று இருந்தது. நேற்று பாடிய மாதிரி. முடிந்ததும் கைதட்டலுக்காகக் கொஞ்சம் குனிந்துகூட நின்றேன்.

யாரும் தட்டவில்லை. பாய் என்னைப் பார்த்தார்.

"சார், அத்தா எங்க சார்?"

ஆர்மோனியம் என்றேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். அத்தாவுக்கு ஆர்மோனியமும் தெரியாது, பாட்டும் தெரியாது. பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை. வாயாலேயே ரயில் விடுவாராம். அதற்காகத்தான் அவரை மெட்ராஸுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பாடகருக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். "வண்டிச் சத்தம் போட்டாருன்னு சொன்னா சிரிப்பீங்கன்னு சொல்லலங்க" என்றார்.

ஒரு மனிதருக்கு உலகத்தில் மிச்சமிருந்த அத்தாவைப் பதினோரு நாள் உட்கார்ந்து சுத்தமாகத் துடைத்துவிட்டு, கைதட்டலுக்கு வேறு குனிந்திருக்கிறேன். மச்சான் வாயைத் திறக்கப் போனார். அதற்குள் பின்னாலிருந்து என் மனைவி, ரொம்ப நிதானமாக, "அந்தக் குப்பையப் போடுங்க" என்றாள்.

குப்பை ஃபோல்டரைத் திறந்தேன். பாட்டில்லை, ஆர்மோனியமில்லை. ஓட்டின் மேல் மழை பெய்கிற மாதிரி இரைச்சல். அதற்குள்ளிருந்து மெதுவாக ஒரு வண்டி கிளம்பியது. சக். சக். வேகம் எடுத்தது. பாலம் வந்ததும் சத்தம் மாறித் தடதடத்தது, கொள்ளிடத்தைத் தாண்டுகிறார் என்று எல்லாருக்கும் புரிந்தது. ஊதினார். நான் திட்டித் தீர்த்த அதே விசில். பிறகு வேகம் குறைந்து, குறைந்து, நின்றது. நின்றதும் அந்தப் புஸ். அது காற்றில்லை. மூன்று நிமிஷம் ரயில் விட்ட ஒரு இளவயசு ஆள் மூச்சு வாங்குகிறார்.

பாய் எழுந்து வந்து ஸ்பீக்கர் மேல் கையை வைத்துக்கொண்டார். "இன்னொரு தடவ வைங்க சார்" என்று சொன்னது மச்சான்தான். ஐந்து தடவை வைத்தேன். பிரியாணி ஆறிப்போனது பற்றி யாரும் பேசவில்லை. என் மனைவிக்காகச் செய்திருந்த தயிர் சாதத்துக்கு ஆறினாலும் கவலையில்லை.

பாட்டையும் சத்தத்தையும் பழையபடி சேர்த்துத் தருகிறேன் என்றேன். பாய் ஒப்புக்கொள்ளவில்லை. "பாட்ட நீங்க வச்சுக்கங்க சார். எனக்கு இது போதும்" என்றார். அதன் கடைசி அரை நிமிஷத்தை வெட்டித் தன் போனுக்கு ரிங்டோனாக வைத்துத் தரச் சொன்னார்.

இப்போதெல்லாம் அவரைக் கூப்பிட்டால் சட்டென்று எடுக்க மாட்டார். நான் காதில் போனை வைத்துக்கொண்டு காத்திருப்பேன். அங்கே சூட்கேஸ்களுக்கு நடுவில் வண்டி ஊதி, வேகம் குறைந்து, நின்று, அவர் அத்தா மூச்சு வாங்கி முடித்த பிறகுதான், "சொல்லுங்க சார்" என்பார்.