சங்கிலியம்மாளின் கற்றாழை

கடமலைக்குண்டில் சங்கிலியம்மாள் வீட்டில் பொழுது விடிந்தால் எல்லாவற்றுக்கும் அவள்தான் வேண்டும். மாட்டுக்குத் தண்ணீர், கோழிக்குத் தவிடு, புருஷன் ஒச்சாண்டிக்குக் கஞ்சி. எழுபத்தெட்டாம் வருஷம் ஆறு வறண்டு கிடந்தது. மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு மொண்டு ஒரு குடம் நிறைப்பதற்குள் முதுகு கழன்றுவிடும். இருபது வருஷமாக அவள் இடுப்புதான் அந்த வீட்டுக்குக் குழாய்.

அவளிடம் எதுவும் கேட்காத ஒரே ஜீவன், மாட்டுக்கொட்டத்துச் சுவரோரம் நின்ற சோற்றுக்கற்றாழை. கண்மாய்க் கரையிலிருந்து சுண்டுவிரல் உயரத்தில் பிடுங்கி வந்து, உடைந்த ஓட்டுச் சில்லுக்கு நடுவே செருகிவைத்தாள். அதோடு சரி. மாதத்துக்கு ஒரு கை தண்ணீர் தெளித்தால் உண்டு. அது பாட்டுக்குச் சுற்றிலும் மடல் விரித்து முறம் அகலத்துக்கு வந்துவிட்டது. வேலை ஓய்ந்து அதன் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்தால் அவளுக்கு நிம்மதியாக இருக்கும். "இது ஒண்ணுதான் என்னையப் புடுங்காம இருக்கு" என்பாள்.

அந்தச் சித்திரையில் கர்ப்பப்பையை எடுக்க வேண்டுமென்று தேனி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இருபது நாள் படுக்கை. அனுப்பும்போது டாக்டரம்மா, ஆறு மாசத்துக்குக் குடம் தூக்கவே கூடாது என்று கண்டித்துச் சொன்னார். பஸ்ஸில் வரும்போது முழுக்க அதே யோசனை. யார் தூக்குவது? நாத்தனார் பஞ்சம்மாள் இத்தனை நாள் அண்ணனுக்குச் சோறு போட்டதே பெரிது. ஆம்பளை குடம் எடுத்தாலோ, அந்த ஊரில் கல்யாண வீடு வரைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒச்சாண்டி அவளைக் கொட்டத்துப் பக்கம் கூட்டிப் போனான். கற்றாழையைச் சுற்றி நெல்லுக்குக் கட்டுவதுபோல வரப்புக் கட்டியிருந்தான். உள்ளே ஒரே சேறு. மடல்கள் மஞ்சளாகி, கொழகொழவென்று அழுகிக் கிடந்தன. தொட்டதும் நடுக்குருத்து அவள் கையோடு வந்துவிட்டது.

"தெனமும் ரெண்டு குடம் ஊத்துனேன் சங்கிலி. ஆளு எந்திரிக்க முன்னயே போயி மொண்டாந்தேன். ஒருநா விடலை. அப்பயும் மங்கிக்கிட்டே வருது."

வானம் பார்த்த காட்டில் உழுதே தேய்ந்தவன். தண்ணீர் ஊற்றினால் ஒரு செடி சாகும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

சங்கிலியம்மாளுக்கு ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது. திட்டத்தான் தெம்பில்லை. அவன் தோளைப் பார்த்தாள். குடம் வைத்த இடம் கன்றிப்போயிருந்தது.

"செடி போச்சு, விடுங்க. நாளையிலருந்து அந்த ரெண்டு குடத்தையும் அடுப்படியில கொண்டாந்து எறக்குங்க."

"வீட்டுக்குன்னா ரெண்டு குடம் பத்தாதே. விடிஞ்சும் நடக்கணும். நாலு பேரு பாப்பாக, சிரிப்பாக."

"சிரிக்கட்டும். என்னால முடியலை."

இருபது வருஷத்தில் அவள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அவன் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, பட்டப்பகலில் குடத்தோடு தெருவில் இறங்கினான்.