கொம்பு திரும்பிய கிட்டார்

போன மாதம் மகளுக்குக் கிட்டார் வாங்கக் கொழும்பு வெள்ளவத்தைக்குப் போயிருந்தேன். கடைக்குள் புது வார்னிஷ் வாசனை. சுவர் முழுக்க எலக்ட்ரிக் கிட்டார்கள்: கழுத்தருகே ஒற்றைக் கொம்பு நீண்டது, இரட்டைக் கொம்பு நீண்டது, நெஞ்சில் அழுத்தாமல் முதுகு சீவியது. "எது சேர் வேணும்?" என்று கடைப் பெண் கேட்டாள். இவை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் செய்த ஒருவனை எனக்குத் தெரியும்.

யோகராஜ், எங்களுக்கு யோகன், யட்டியாந்தோட்டைக்கு மேலே எங்கள் தோட்டத்து ரப்பர் பெக்டரியில் மெஷின் பழுதுபார்க்கும் பிட்டர். நான் டவுனில் துணிக்கடையில் வேலை. எங்கள் இசைக்குழுவில் அவன் லீட் கிட்டார், நான் ரிதம் கிட்டார். ரிதம் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். எனக்கு மூன்று கோர்ட், அதாவது மூன்று சுரக் கூட்டுதான் தெரியும். நான்காவது வந்தால் தலையை மட்டும் ஆட்டுவேன்.

ஏதோ பத்திரிகைப் படத்தைப் பார்த்து முதல் கிட்டாரை ரப்பர் மரப் பலகையில் வெட்டினான். ஒரு கொம்பு, கம்பியின் அதிர்வைப் பிடிக்க ஒரு பிக்கப். மழைக்காலத்தில் அது முறுக்கிக்கொண்டது. இரண்டாவது பலா. உச்சச் சுரங்களுக்கு விரல் எட்டட்டும் என்று இரண்டு கொம்பு வைத்தான். எரிந்துபோன மோட்டாரின் செப்புக் கம்பியைச் சுற்றி மூன்று பிக்கப் செய்தான். கனத்தில் தோள் கன்றிப்போனது. மூன்றாவதில் முதுகைச் சீவி மெலிதாக்கி, சிவப்புப் பெயின்ட் அடித்தான். கழுத்து மட்டும் மூன்றுக்கும் ஒன்றே, அவிசாவளையில் கிடைத்த உடைந்த கிட்டாருடையது.

சிவப்புக் கிட்டார் வந்த வருடம்தான் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு ஆட்கள் வந்தார்கள். பக்கத்து ஊரில் ஏதோ கைகலப்பாம். ஞாயிறு பகல், அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. "எளியட்ட வரெங்!" என்று சிங்களத்தில் வெளியே கூப்பிட்டார்கள். நான் பின்பக்கம் தண்ணீர் ஓடும் கானுக்குள் குதித்துப் புல்லுக்குள் படுத்துக்கொண்டேன். யோகன் கிட்டாரை அணைத்துக்கொண்டு பின்வாசலால் ஓடிவந்தான். அதைப் பிடுங்கிப் படிக்கல்லில் அடித்து உடைத்தார்கள்; கழுத்து மட்டும் தப்பியது. அவனைக் குப்புறத் தள்ளினார்கள். நீலச் சட்டைக்காரன் ஒருவன் அவனுடைய இடது கையைக் குதிகாலால் மிதித்தான். பிறகு கல்லைத் தூக்கினான். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. நான் எழுந்து போகவில்லை.

அவர்கள் போனபின் யோகன் கையைப் பார்க்காமல் கேட்டான்: "வெரலு இருக்காடா?"

விரல் இருந்தது. ஆனால் இரண்டு மடங்கவில்லை. அந்தக் கையால் கம்பியை அழுத்த முடியாது, மீட்டும் பிளெக்ட்ரத்தைப் பிடிக்கலாம். அதனால் நான்காவது கிட்டாரை இடம் வலம் மாற்றித் தலைகீழாகச் செய்தான். கொம்புகள் இடம் மாறின, அதே கழுத்தில் கம்பிகள் வரிசை மாறின. ஒன்றரை வருடம் வலது கை விரல்களுக்கு முதலிலிருந்து வாசிக்கக் கற்றுக்கொடுத்தான்.

அதன் முதல் மேடை புளத்கொகுபிட்டியவில், ஒரு கோயில் திருவிழா மாலை. முன் வரிசையில் ஒருவன் தன் மகளோடு நின்று கைதட்டிக்கொண்டிருந்தான். நான் யோகனின் காதில் சொன்னேன்:

"அவன்தான்டா. ஒன் கைய மிதிச்சவன்."

"நெசமாவா?"

"நான்தானே பாத்தேன்."

யோகன் தோளிலிருந்து கிட்டார்ப் பட்டியைக் கழற்றினான், மேடையிலிருந்து குதித்தான். கிட்டாரின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்து வீசினான். கொம்பு அந்த ஆளின் தாடையில் இறங்கியது. இரண்டாவது அடி வாயில். விழுந்தவனை மூன்றாவதாகவும் அடித்தான். சட்டையெல்லாம் ரத்தமும் பல்லும். அந்தச் சின்னப் பெண் "தாத்தே! தாத்தே!" என்று அப்பாவைக் கூப்பிட்டு அலறியது.

யோகன் ரிமாண்டுக்குப் போனான். கிட்டார் வழக்குப் பொருளானது. தன் வாழ்க்கையில் அந்தத் தோட்டத்துக்கு வந்ததே இல்லை என்று கோர்ட்டில் அந்த மனிதன் குழறிக் குழறிச் சொன்னான். பார்க்கப் போனபோது யோகன் கம்பிவலைக்குப் பின்னால் இருந்து ஒன்றே ஒன்று கேட்டான்: "அவன்தானே?"

"ஆமா" என்றேன்.

தண்டனை முடிந்து வெளியே வந்தவன் கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான். ஒரு கடிதம்கூட இல்லை. லயத்தை இடித்துத் தனி வீடுகள் கட்டிவிட்டார்கள், கானும் மூடியாயிற்று. கிட்டார் எங்கே போனதென்று கோர்ட்டிலும் தெரியவில்லை. அன்று கானுக்குள்ளிருந்து பார்த்ததை நினைத்துப் பார்க்கிறேன். நீலச் சட்டை வருகிறது, குதிகால் வருகிறது, கல் வருகிறது. முகம் வரவில்லை. அது எப்போதாவது இருந்ததா என்பதும் இப்போது எனக்குத் தெரியவில்லை.