ஒன்பது கை

அந்தத் தையல் கூடத்தில் காஜாக்கா என்று கேட்டால்தான் அவளைக் காட்டுவார்கள். சட்டையில் பட்டன் நுழைகிற துளைக்குக் காஜா என்று பெயர். இருபத்திரண்டு வருஷமாகக் காஜா போடுகிற மெஷின்தான் அவளுக்கு. எத்தனை நூறு போட்டாலும் ஒன்றுகூடக் கோணாது. அப்படிப்பட்ட கை அந்த மாதம் முழுக்கக் கோணல் மாணலாகப் போட்டுக்கொண்டிருந்தது.

காரணம் வேறொன்றுமில்லை. ஏழு வருஷம் முடிய இன்னும் இருபத்துமூன்று நாள் பாக்கி இருந்தது.

அவள் பிறந்து வளர்ந்தது ஒரு சின்னச் சபையில். சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே, மாடிக் கூடத்தில் கூடுவார்கள். அவள் சிறுமியாக இருந்தபோது உள்ளே இடமில்லாமல் படிக்கட்டு வரைக்கும் ஆட்கள் நின்று ஜெபிப்பார்கள். கடவுளுக்குப் பயந்த நல்ல ஜனங்கள். ஆனால் சபையை விட்டுப் போனவர்களுக்கு ஒரு கட்டளை வைத்திருந்தார்கள். போனவர்களைக் கண்டால் மற்றவர்கள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். போன நாளிலிருந்து ஏழு வருஷத்துக்குள் அவர்கள் வீட்டிலிருந்து ஒரு உயிர் கேட்கப்படும், யாராவது ஒருவர் செத்துப்போவார் என்பது நம்பிக்கை.

மகளின் படிப்பை நிறுத்தும்படி சபையில் சொன்ன அன்று அவள் புருஷன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். மகளைக் கூட்டிக்கொண்டு இவளும் பின்னாலேயே இறங்கினாள். இவளுடைய அம்மா மட்டும் வரவில்லை. கூடத்துக்குப் பின்னால் இருந்த சிறிய அறையில் தங்கி, அங்கேயே பெருக்கித் துடைத்துக்கொண்டு இருந்துவிட்டாள். அதற்குப் பிறகு கடைத்தெருவில் நாலைந்து தடவை எதிர்ப்பட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அம்மா ஏதாவது ஒரு கடையின் ஷட்டரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். அந்த முதுகை நினைத்து இவள் அழாத வாரமில்லை.

தையல் கூடத்தில் சபையை விட்டு வந்தவர்கள் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கட்டிங் மாஸ்டர், இன்னொருவர் இஸ்திரிக்காரர். டீ நேரத்தில் பழைய பேச்சு வரும்.

"இப்ப மேல ஈ ஓட்டிட்டு இருக்காங்களாம். மொத்தமே ஆறு பேருதானாம்" என்றார் மாஸ்டர்.

"பெரியவர் பேசுறதைக் கேக்க ஆள் இருக்கோ இல்லையோ, ஃபேன் மட்டும் அஞ்சு ஓடுதாம்" என்றார் இஸ்திரிக்காரர்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். காஜாக்கா சிரிக்கவில்லை.

"அண்ணே, உங்களுக்கு ஏழு வருஷம் முடிஞ்சிடுச்சா?"

இஸ்திரிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "எனக்கு நாலுதான் ஆகுது. போன வருஷம் எங்க நாய் செத்துச்சு. அந்தக் கணக்கு இதோட முடிஞ்சுதுன்னு நானே வச்சுக்கிட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "நாயை ஒத்துக்குவாங்கல்லம்மா?" என்று கேட்டார்.

காஜாக்கா டீ டம்ளரைக் கழுவ எழுந்து போனாள்.

காஜாக்காவின் மகளுக்கு அது நிறைமாதம். ஸ்கேன் பார்த்த டாக்டர், குழந்தை குறுக்கே கிடக்கிறது, ஆபரேஷன்தான், புதன்கிழமை காலையில் வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். கேட்கப்படும் உயிர் மகளுடையதாக இருந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம். புருஷனிடம் சொன்னால் "உன் தலையில இன்னும் அந்த மாடிப்படிதான் ஓடுது" என்பார். அவளுக்கும் புத்தி இருந்தது. ஊரில் தினம் எத்தனை ஆபரேஷன் நடக்கிறது என்று தெரியும். புத்திக்குத் தெரிந்தது நெஞ்சுக்குத் தெரிய வேண்டுமே.

புதன்கிழமை மகளைப் பச்சைத் துணி மாட்டி உள்ளே கொண்டுபோனார்கள். முன்னால் இன்னும் இரண்டு ஆபரேஷன் இருக்கிறது, நேரமாகும் என்றார்கள். கதவு சாத்தியதும் காஜாக்காவுக்குக் கால் தரிக்கவில்லை.

"எங்க போற?" என்றார் புருஷன்.

"இதோ வந்துடறேங்க."

அவள் பஸ் பிடித்து நேராக மாடிக் கூடத்துக்குப் போனாள். புதன்கிழமைக் காலையில் அங்கே கூடுகை உண்டு. போனவர்கள் திரும்பி வரவும் ஒரு வழி இருந்தது. சபையார் ஒன்பது பேர் தங்கள் வலது கையை அவர்கள் தலையில் வைத்து ஏற்றுக்கொண்டால் போதும், கேட்கப்பட்ட உயிர் விடப்படும். எப்படியாவது அந்தக் கைகளை வாங்கிவிட வேண்டும் என்பது மட்டும்தான் அவள் நினைப்பில் இருந்தது.

கூடத்தில் ஆறு பேர் இருந்தார்கள். பெரியவர், அவர் மனைவி, காது கேட்காத அண்ணன் தம்பி இருவர், இருமிக்கொண்டே இருந்த ஒரு வாத்தியார், அவளுடைய அம்மா. அவளைக் கண்டதும் ஆறு பேரும் எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார்கள்.

"பெரியவரே, என்னைத் திரும்பச் சேத்துக்கோங்க. என் பொண்ணு ஆபரேஷன்ல இருக்கா" என்று அவள் வாசலிலேயே மண்டியிட்டாள்.

பெரியவர் சுவரைப் பார்த்தபடியே பேசினார். "ஒன்பது கை வேணும்மா. இங்க ஆறுதான் இருக்கு."

"கட்டிங் மாஸ்டரைக் கூட்டிட்டு வரேன், இஸ்திரிக்காரரையும்..."

"போனவங்க கை செல்லாதும்மா. அவங்களைச் சேக்கவே ஒன்பது கை வேணும்."

"அப்ப ஆளுக்கு ரெண்டு கையா வைங்க! பன்னெண்டு ஆச்சே!"

பெரியவர் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். உண்மையிலேயே அதை யோசித்துப் பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு, "வலது கைன்னுதாம்மா இருக்கு. நான் என்ன செய்வேன்? எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

அப்போது அவளுடைய அம்மா திரும்பினாள்.

"யாரு கூட இருக்கா, பொண்ணுகிட்ட?"

ஏழு வருஷம் கழித்துக் கேட்ட குரல். "அவ அப்பா இருக்காரும்மா."

"பெத்தவ நீ இங்க வந்து மண்டிபோட்டுக்கிட்டு இருக்கியா? எந்திரி."

"அம்மா, சுவரைப் பாருங்க" என்றார் பெரியவர் பதறிப்போய். "போனவங்ககிட்டப் பேசினா நீங்களும் போனவங்கதான்."

"ஏழு வருஷமா சுவரைத்தான் பாத்தேன். இனிமே அஞ்சுன்னு எண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டு, அம்மா மகளின் தோளைப் பிடித்துத் தூக்கினாள். வீராப்பாகச் சொன்னாளே தவிர, படியிறங்கும்போது கைப்பிடியை விடவேயில்லை. செருப்பையும் மறந்துவிட்டாள். எடுத்து வர மறுபடி மேலே ஏற இரண்டு பேருக்கும் துணிவில்லை.

பஸ்ஸில் அம்மா தன் வெறுங்காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எனக்கு இன்னிக்கிலேருந்து ஏழு வருஷம் ஆரம்பிக்குதில்ல?"

"அம்மா..."

"எழுபத்தஞ்சு ஆகப்போகுது எனக்கு. நடுவுல நான் போயிட்டா வயசாச்சுன்னு சொல்லுவாங்களா, இல்ல வேற மாதிரி சொல்லுவாங்களா?"

காஜாக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அது ஐஸ் மாதிரி இருந்தது. இரண்டு பேரும் உதடு மட்டும் அசைய ஜெபித்துக்கொண்டே போனார்கள். சபை இல்லாத இடத்தில் சொன்னாலும் கடவுள் கேட்பாரா என்று இருவருக்குமே தெரியவில்லை. ஆனாலும் நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் மாமியாரைக் கண்ட புருஷன் எழுந்து நின்றார். அவள் காலைப் பார்த்தார். தன் செருப்பைக் கழற்றி முன்னால் தள்ளினார். "போட்டுக்கோங்கத்தே, தரையெல்லாம் மருந்து ஊத்தியிருக்கு. கப்பல் மாதிரிதான் இருக்கும், பரவால்ல."

சிறிது நேரத்தில் நர்ஸ் ஒரு துணிச்சுருளோடு வந்தாள். "பையன். வாங்கிக்கோங்க."

"நீ வாங்கும்மா" என்றாள் காஜாக்கா. "எனக்கு நடுங்குது, நீ வாங்குடி" என்றாள் அம்மா. "யாராவது ஒருத்தர் வாங்குங்கம்மா, உள்ள எனக்கு வேலை கிடக்கு" என்று நர்ஸ் அதட்டியதும் புருஷன்தான் கையை நீட்டி வாங்கினார்.

"என் பொண்ணு?"

"தையல் போடறாங்க. அரை மணி ஆகும்."

அந்த அரை மணியில் காஜாக்கா குழந்தையின் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு உயிர் வந்துவிட்டது. கேட்கப்பட்டது இன்னொன்றாக இருந்தால்? அவள் கண் கதவைவிட்டு நகரவில்லை.

கதவு திறந்தது. தள்ளுவண்டியில் மகள் வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள். கண் பாதி திறந்திருந்தது. "அம்மா, தாகமா இருக்கு" என்றாள்.

காஜாக்கா வண்டியின் கம்பியைப் பற்றிக்கொண்டு கூடவே நடந்தாள். வார்டு வாசலில் வண்டி தள்ளுகிறவர் நின்றார்.

"கையை எடுங்கம்மா, வண்டி திரும்பணும்."

அவர் இரண்டு தடவை சொல்லியும் அவள் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை அவர் ஒன்றும் சொல்லாமல், அவள் கையோடு சேர்த்தே வண்டியை மெதுவாகத் திருப்பினார்.